முந்நூற்றைம்பது மில்லி

எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியின் பிரார்த்தனைக் கூடத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் இரத்த தான முகாமில், கட்டிலுக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் கடந்தாக வேண்டிய ஒரு மேஜை உண்டு. மேஜையின் மேல் ஒரு கண்ணாடிக் குவளை. குவளைக்குள் மயில் கழுத்தின் நிறத்தில் ஒரு திரவம். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்மணி நம் விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்துக் குத்தி, துளிர்த்து வரும் இரத்தத்தில் ஒரு சொட்டை அந்தத் திரவத்தின் மேல் விடுவார். சொட்டு ஒரு கணம் தயங்கிவிட்டு, குன்றிமணி போல நேரே அடிக்குப் போய்விட்டால் நாம் தேறிவிட்டோம். பாதி வழியில் நின்று மிதக்க ஆரம்பித்தால், "இன்னொரு நாள் வாங்கம்மா, இரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தத் திரவம் வேறொன்றுமில்லை, மயில்துத்தம் கரைத்த தண்ணீர். அதன் அடர்த்தியைத் திட்டமாக 1.053 என்று வைத்திருப்பார்கள்; நூறு மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருந்தால்தான் சொட்டு அதைவிடக் கனமாக இருந்து மூழ்கும். இத்தனை எளிய யுக்தியை இன்னும் கைவிடாமல் வைத்திருக்கும் இரத்த வங்கிகளின் மேல் எனக்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

அந்த மேஜைக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது காதில் விழும் சம்பாஷணை பெரும்பாலும் இருதயத்தைப் பற்றியதாகவே இருக்கும். முதன்முறையாக வந்திருக்கும் கல்லூரி மாணவன், இவ்வளவு இரத்தம் வெளியே போனால் நெஞ்சு படபடக்காதா, இரத்த ஓட்டம் தளர்ந்துவிடாதா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பான், பத்துப் பதினைந்து முறை கொடுத்துப் பழகிய அந்த ஆசாமியோ, "அட போப்பா, இதைக் கொடுத்தா ஹார்ட் அட்டாக்கே வராது, தெரியுமா?" என்று அடித்துச் சொல்வார். முகாம் வாசலில் கட்டியிருக்கும் துணிப் பதாகையும் இந்த இரண்டாமவர் கட்சியைச் சேர்ந்ததுதான். ஏறக்குறைய இருபது வருஷங்களாக அந்த வரிசையில் நின்று வந்திருக்கும் நான், இருவரில் யார் சொல்வது மெய் என்று விசாரிக்கப் புகுந்து, முடிவில் இருவரோடும் மாறுபட்டேன்.

கட்டிலில் படுத்ததும் முழங்கைக்கு மேலே ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இறுக்குகிறார்கள். கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கி அமுக்கி விடச் சொல்கிறார்கள். சற்றைக்கெல்லாம் முழங்கை மடிப்பிலுள்ள சிரை புடைத்து எழுகிறது. சிஸ்டர் அதை விரலால் தட்டிப் பார்த்து, "நரம்பு நல்லா இருக்கு சார்" என்பார். நரம்பு அல்ல, இரத்தக் குழாய். ஆனால் நம் ஆஸ்பத்திரிகளில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அதைத் திருத்தும் உத்தேசம் எனக்கும் இல்லை. என் மனம் அந்த நேரத்தில் வேறோர் இடத்துக்குப் போய்விடும். 1628-ஆம் ஆண்டில் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அச்சாகி வெளிவந்த ஒரு சிறிய லத்தீன் நூலில், இங்கிலாந்து மன்னரின் வைத்தியர்களில் ஒருவரான வில்லியம் ஹார்வி, இதே போல மேலே கட்டுப் போட்ட ஒரு கரத்தின் சித்திரத்தைப் போட்டிருந்தார். கட்டை மிகவும் இறுக்கினால் மணிக்கட்டில் நாடி நின்று கை குளிர்ந்துபோகிறது. சிறிது தளர்த்தினால் நாடி திரும்பிவிடுகிறது, ஆனால் கட்டுக்குக் கீழே சிரைகள் வீங்குகின்றன. ஆகவே தமனிகளின் வழியாகக் கைக்குள் இறங்கும் இரத்தந்தான் சிரைகளின் வழியாக மேலே ஏறித் திரும்புகிறது, அப்படித் திரும்பும்போது கட்டுப் போட்ட இடத்தில் தடைப்பட்டுத் தேங்குகிறது என்று அவர் கண்டார். இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்ற பேருண்மைக்கு அவர் காட்டிய சாட்சிகளில் இது தலையாயது. இன்றைக்கும் அந்தப் பட்டையில் வைக்கும் அழுத்தம் 40 முதல் 60 மில்லி மீட்டர் வரைதான். சிரையை மடக்கப் போதுமானது, தமனியை மடக்கப் போதாதது. இரத்தம் வாங்கும் வைத்தியர்கள் நூற்றாண்டுக் கணக்காக இதே கட்டைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அது ஏன் பலிக்கிறது என்று நின்று யோசித்தவர் ஹார்வி.

அவர் இன்னொன்றும் செய்தார், கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை இன்றைய அளவுகளில் சொன்னால், ஓய்வாக இருக்கும் ஒருவரின் இருதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி வீதம், நிமிஷத்துக்கு 70 துடிப்பில், 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. உடலில் இருக்கும் இரத்தமும் மொத்தம் ஏறக்குறைய அவ்வளவே. பக்கத்தில் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருக்கும் தட்டின் மேல் நம் பை நிரம்புவதற்கு ஆறேழு நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்துக்குள் இருதயம் 30 லிட்டருக்கு மேல் இறைத்துவிட்டிருக்கும். அதிலிருந்து வெளியே போவது 350 மில்லி. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு இது இருக்கிற இரத்தத்தில் பதினான்கில் ஒரு பங்கு. 45 கிலோ எடையுள்ளவருக்கு மொத்த இரத்தமே மூன்று லிட்டரை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், அதே பை ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. 45 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களிடம் வாங்கக் கூடாது, 450 மில்லிப் பையை 55 கிலோவுக்கு மேற்பட்டவர்களிடமே நிரப்ப வேண்டும் என்று நம் நாட்டில் விதி வைத்திருப்பதன் காரணம் இந்தப் பின்னக் கணக்குத்தான்.

போன பங்கை உடல் எப்படிச் சமாளிக்கிறது என்பது பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. இரத்தம் எப்போதும் எல்லாக் குழாய்களிலும் சமமாகப் பரவி நிற்பதில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிரைகளிலேயே, ஓடியும் ஓடாமலும், சாவகாசமாகக் கிடக்கிறது. தமனிகளை வாய்க்கால் என்றால் சிரைகளை ஏரி என்றுதான் சொல்ல வேண்டும். ஏரியில் ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலும், மதகுக்கு அருகே கரையை நெருக்கிக் கட்டிவிட்டால் வாய்க்காலில் பாயும் நீர் குறையாது. கழுத்தின் இருபுறமும் தலைக்குப் போகும் பெருந்தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்திலும், இருதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் வளைவிலும் இருக்கும் உணர்நரம்புகள், குழாயின் சுவர் சிறிது தளர்வதைக் கூட உடனே கண்டுகொண்டு மூளையின் அடித்தண்டுக்குச் சேதி அனுப்புகின்றன. அங்கிருந்து உத்தரவு வருகிறது: குடலிலும் தோலிலும் உள்ள சிரைகள் சற்றே சுருங்கட்டும், இருதயம் நிமிஷத்துக்குச் சில துடிப்புகள் கூட்டிக்கொள்ளட்டும். படுத்திருப்பவருக்கு இந்த ஏற்பாடெல்லாம் நடந்ததே தெரியாது. எழுந்து நிற்கும்போதுதான் சோதனை. அப்போது புவியீர்ப்பினால் அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் கால்களில் இறங்கித் தேங்குகிறது, இப்போதுதான் பையில் போனது ஒன்று, காலில் போனது ஒன்று என்று ஏரிக்கு இரட்டை நஷ்டம். கொடுத்த பிறகு பத்துப் பதினைந்து நிமிஷமாவது படுத்திரு, உட்காரு, அப்புறம் எழுந்திரு என்று முகாமில் வற்புறுத்துவது உபசாரத்துக்காக அல்ல.

இந்த ஏற்பாடு சில வேளைகளில் தலைகீழாகவும் போய்விடுகிறது. சென்ற முகாமில் என் கண்ணெதிரே நடந்தது: கபடி ஆடும் வாட்டசாட்டமான ஓர் இளைஞன், கட்டிலில் கால் நிமிஷம் கூடக் கூடுதலாகப் படுக்க மாட்டேன் என்று எழுந்து, பழரச மேஜைக்கு வந்து நின்றான். இரண்டு முறை கொட்டாவி விட்டான். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை அரும்பியது, உதடு வெளுத்தது, உறிஞ்சு குழல் வாயிலிருந்து நழுவியது, சுவரோடு சாய்ந்தபடியே சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டான். சிஸ்டர் பதறவில்லை. அவனைத் தரையிலேயே நீட்டிப் படுக்க வைத்து, கால்கள் இரண்டையும் தூக்கி ஒரு நாற்காலியின் மேல் வைத்தார். ஒரு நிமிஷத்துக்குள் அவன் கண் விழித்து, "என்னாச்சு அக்கா?" என்றான். "ஒண்ணும் இல்லப்பா, அப்படியே படுத்திரு." அவனுக்குப் பிறகு கொடுத்த அறுபது வயது அம்மாள் ஒருவர் இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே பழரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

வேகஸ் என்ற நரம்பின் சேஷ்டை இது. இருதயம் விரைந்து துடிக்க வேண்டிய வேளையில், பயத்தாலோ, ஊசியைக் கண்ட அருவருப்பாலோ, இருதய அறைகள் வழக்கத்தைவிடக் குறைவாக நிரம்புவதாலோ, அந்த நரம்பு கடிவாளத்தை இழுத்து இருதயத்தை மெதுவாக்கிவிடுகிறது. குழாய்களும் அதே சமயத்தில் தளர்ந்துவிடுகின்றன. மூளைக்கு ஏறும் இரத்தம் குறைந்து கண் இருட்டுகிறது. கீழே விழுந்தவுடன் தலையும் இருதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதால் மயக்கம் தானே தெளிந்துவிடுகிறது. நூறு பேரில் ஒரு சிலருக்கே இப்படி நேர்கிறது. இளவயதினர், எடை குறைந்தவர்கள், முதல் முறை வருபவர்கள் ஆகியோரிடம் அதிகம். இதனால் இருதயம் பழுதுற்றது என்று அர்த்தமில்லை. ஊசி ஏறுவதற்குக் கால் மணிக்கு முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பதும், கட்டிலில் படுத்திருக்கையில் தொடைகளை இறுக்கி இறுக்கி விடுவதும் இந்த மயக்கத்தைக் குறைக்கும் என்று பரிசோதித்துக் கண்டிருக்கிறார்கள், செலவில்லாத வைத்தியம்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு நடப்பது இன்னும் நிதானமான வேலை. திசுக்களின் இடுக்குகளில் நிற்கும் நீர் மெல்ல மெல்ல நுண்குழாய்களுக்குள் கசிந்து ஏறுகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் சிக்கனம் பிடிக்கிறது. ஓரிரு நாளில் இரத்தத்தின் கனபரிமாணம் பழையபடி நிறைந்துவிடுகிறது. நிறைந்தது நீர்தானே ஒழிய அணுக்கள் அல்ல என்பதால், அந்த நாட்களில் இரத்தம் சற்று நீர்த்திருக்கும். ஹீமோகுளோபின் ஏறத்தாழ ஒரு கிராம் இறங்கியிருக்கும். நீர்த்த இரத்தம் குழாய்களில் எளிதாக ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் குறைவான பிராணவாயுவைச் சுமக்கிறது; ஆகையால்தான் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாதிருக்க, ஓட்டப் பந்தய வீரருக்கு இரண்டு மூன்று வாரம் வரை மூச்சு முன்போல நீள்வதில்லை. குறைவைக் கண்ட சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற சுரப்பைக் கூட்டி எலும்பு மஜ்ஜையை எழுப்புகிறது. சாதாரண நாட்களிலேயே நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணுக்களைப் படைக்கும் அந்தத் தொழிற்சாலை, கூடுதல் வேலை செய்து நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் கணக்கைச் சரிக்கட்டுகிறது.

அப்படியானால் ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் பொறுத்துத்தான் மறுபடியும் கொடுக்கலாம் என்பானேன்? இரும்புக்காகத்தான். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக 350 மில்லிப் பையோடு சுமார் 165 மில்லிகிராம் இரும்பு நம்மை விட்டுப் போகிறது. சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளில் எடுத்துக்கொள்வதோ ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம், அதிலும் பெரும்பகுதி அன்றாட நஷ்டத்துக்கே போய்விடும். உடம்பில் இரும்புக்கு வரும் வழி குறுகலானது, போகும் வழியென்று தனியாக ஒன்று இல்லவே இல்லை. இரத்தம் வெளியே போனால்தான் இரும்பு கணிசமாக வெளியே போகும். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வரிசையில் நின்ற அந்த ஆசாமி சொன்ன 'ஹார்ட் அட்டாக் வராது' என்ற வதந்திக்கு வேர் இந்த இரும்பில் இருப்பதுதான்.

அதற்கும் முந்தைய வேர் ஒன்றும் உண்டு. உடம்பில் சேர்ந்த கெட்ட இரத்தத்தை வாங்கிவிட்டால் வியாதி விலகும் என்று கிரேக்கர்களும் அரேபியர்களும் நம்பினார்கள். நம் சித்த வைத்தியத்தின் புற மருத்துவ முறைகள் முப்பத்திரண்டில் குருதி வாங்கலும் அட்டை விடலும் இடம் பெற்றிருக்கின்றன. மேனாட்டார் அதை மிதமிஞ்சிச் செய்தார்கள். 1799 டிசம்பரில், தொண்டைக் கட்டோடு படுத்த ஜார்ஜ் வாஷிங்டனிடம் ஒரே நாளில் நான்கு முறை இரத்தம் வாங்கினார்கள். போனது இரண்டு லிட்டருக்கும் அதிகம். அன்றிரவே அவர் இறந்தார். பின்னர் பாரிஸ் நகரத்து வைத்தியர் பியேர் லூயி, இரத்தம் வாங்கப்பட்ட நுரையீரல் காய்ச்சல்காரர்களை எண்ணிக் கணக்கெடுத்து, சொல்லப்பட்ட பயன் ஒன்றும் கணக்கில் தெரியவில்லை என்று 1835-இல் அறிவித்த பிறகுதான் இந்தப் பழக்கம் தேயத் தொடங்கியது.

தேய்ந்து மறைந்த அந்த எண்ணம் 1981-இல் புது உடை உடுத்துக்கொண்டு வந்தது. ஜெரோம் சல்லிவன் என்ற அமெரிக்க நோய்க்கூறியல் வல்லுநர், 'லான்செட்' என்ற லண்டன் மருத்துவப் பத்திரிகையில் ஒரு குறுங்கட்டுரை எழுதினார். மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு மாரடைப்பு அரிதாகவே வருகிறது, நின்ற பிறகு ஆண்களை எட்டிப் பிடிக்கிறார்கள். இதற்குப் பெண் சுரப்பியைக் காரணமாகச் சொல்கிறோமே, மாதந்தோறும் இரத்தத்தோடு இரும்பு வெளியேறிவிடுவது காரணமாக இருக்கக் கூடாதா என்று அவர் கேட்டார். உடம்பில் மிதமிஞ்சித் தேங்கும் இரும்பு, இரத்தக் கொழுப்பைத் துருப்பிடிக்கச் செய்வது போலக் கெடுத்துத் தமனிச் சுவரில் படிய வைக்கிறது என்பது அனுமானம். அது மெய்யானால், ஆண்களும் அவ்வப்போது இரத்த தானம் செய்து அதே பாதுகாப்பைப் பெறலாம் அல்லவா? கேள்வி அழகானது. இத்தனை அழகான கேள்விகளைக் கண்டால் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பதில் முதலில் வந்தது ஃபின்லாந்திலிருந்து. அந்த நாட்டின் கிழக்குப் பகுதி ஆண்கள் ஒரு காலத்தில் மாரடைப்புக்குப் பேர் போனவர்கள். அங்குள்ள குவோப்பியோ நகரில் நடுத்தர வயது ஆண்கள் 1,931 பேரைத் தொடர்ந்து கவனித்து, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் அளவு 200-க்கு மேல் இருந்தவர்களுக்கு மாரடைப்பு இரண்டு மடங்குக்கும் அதிகமாக வந்தது என்று 1992-இல் வெளியிட்டார்கள். 1998-இல் அதே குழு இன்னும் பலமான ஒரு செய்தி சொன்னது: இரத்த தானம் செய்திருந்த 153 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மாரடைப்பு, செய்யாத 2,529 பேரில் 316 பேருக்கு. பதாகை எழுதுவோருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? உலகமெங்கும் பரவிய கதை அதுதான், எங்கள் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்து சேர்ந்ததும் அதுதான்.

ஆனால் பழனி மலைக்குப் படியேறிப் போகிறவர்களையும் விஞ்சில் போகிறவர்களையும் தனித்தனியே எண்ணி, இரு கூட்டத்திலும் இருதய நோயாளிகள் எத்தனை பேர் என்று பாருங்கள். படியேறுபவர்களிடம் நோய் குறைவாகத்தான் இருக்கும். அதனால் படிகளே நோயைத் தீர்த்துவிட்டன என்று சொல்லலாமா? நெஞ்சு வலி உள்ளவர் முதற்படியிலேயே விஞ்ச் நிலையத்துக்குத் திரும்பியிருப்பார். இரத்த தானமும் அப்படித்தான். இருதய நோய் வந்தவர், கட்டுக்கடங்காத இரத்தக் கொதிப்பு உள்ளவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஆகியோரை முகாம் வாசலிலேயே வடிகட்டிவிடுகிறார்கள். மிஞ்சி நிற்பவர் இயல்பாகவே திடகாத்திரர். அமெரிக்காவில் மருத்துவத் துறையில் வேலை பார்க்கும் ஆண்கள் 38,244 பேரை, அதாவது கொடுப்பவரும் கொடாதவரும் ஆரோக்கியத்தில் அதிகம் வித்தியாசப்படாத ஒரு கூட்டத்தை, வைத்துப் பார்த்தபோது, இரத்த தானத்துக்கும் மாரடைப்புக்கும் எந்தச் சம்பந்தமும் தென்படவில்லை என்று 2001-இல் தெரிய வந்தது.

லூயி செய்தது போல எண்ணிப் பார்ப்பதோடு நிற்காமல், சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்ப்பதுதான் இப்படிப்பட்ட வழக்குகளுக்குத் தீர்ப்பு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளில், கால் தமனிகளில் அடைப்பு உள்ள 1,277 நோயாளிகளை இரு கூறாகப் பிரித்து, ஒரு பிரிவினரிடம் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் வாங்கி இரும்பைக் குறைத்தார்கள். முடிவு 2007-இல் வெளியாயிற்று. மொத்தத்தில் மரணமோ மாரடைப்போ குறிப்பிடும்படி குறையவில்லை. வயதில் இளையவர்களுக்குச் சிறிது பயன் இருந்திருக்கலாம் என்று ஒரு குறிப்பு இருந்தது. ஆசைப்படுபவர்கள் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரத்தத்தை எடுப்பதே இருதயத்தைக் காக்கும் நோய்கள் இல்லாமல் இல்லை. மஜ்ஜை கட்டுமீறிச் சிவப்பணுக்களைப் பெருக்கிவிடும் 'பாலிசைத்தீமியா வெரா' என்ற நோயில் இரத்தம் பாகு போலத் தடித்துக் குழாய்களில் உறையும். அங்கே இரத்தத்தை வாங்கி அணுக்களின் பங்கை 45 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தவர்களில் 2.7 சதவீதத்தினருக்கும், சற்று மேலே விட்டுவைத்தவர்களில் 9.8 சதவீதத்தினருக்கும் இருதய மரணமோ பெரிய அடைப்போ நேர்ந்தது என்று இத்தாலியில் 365 நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட பரிசோதனை காட்டியது. பரம்பரையாக இரும்பு தேங்கும் ஹீமோகுரோமட்டோசிஸ் நோயிலும் இரத்தம் வாங்குவதே சிகிச்சை. அந்த நோய் வட ஐரோப்பிய வம்சத்தாரிடம் அதிகம், நம்மிடம் அபூர்வம். இவர்களெல்லாம் நோயாளிகள். அவர்களுக்குப் பலித்ததை ஆரோக்கியமாக இருக்கிறவருக்கு நீட்டிச் சொல்வது, வெள்ளம் வந்த ஊரில் கரையை வெட்டிவிட்டார்கள் என்பதற்காக நம் ஊர்க் கரையையும் வெட்டுவதற்கு ஒப்பாகும்.

இரத்தக் கொதிப்பைப் பற்றி மட்டும் என் மனம் இன்னும் முழுமையாக மூடிவிடவில்லை. உடற்பருமன், சர்க்கரை, கொதிப்பு எல்லாம் சேர்ந்திருந்த 64 பேரை வைத்து ஜெர்மனியில் பரிசோதித்துப் பார்த்தபோது, நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை இரத்தம் வாங்கப்பட்டவர்களின் மேல் அழுத்தம் ஆறு வாரத்தில் சராசரி 18 மில்லி மீட்டர் இறங்கியது. வாங்கப்படாதவர்களுக்கு ஏறக்குறைய இறங்கவே இல்லை. இறக்கம் பெரியதுதான், ஆனால் கூட்டம் சிறியது, காலம் குறுகியது. மாத்திரையை நிறுத்திவிட்டு முகாமுக்குப் போகலாம் என்பதற்கு இது சான்றாகாது.

கொடுப்பதைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 45,000 கொடையாளிகளை இரண்டு ஆண்டு கவனித்து, எட்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுத்த ஆண்களையும் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பெருங்கேடு ஒன்றும் விளையவில்லை. ஆனால் அடிக்கடி கொடுத்தவர்களிடம் அயர்ச்சியும், மூச்சு வாங்குவதும், தலைசுற்றலும், இரவில் கால் நிலைகொள்ளாமல் தவிப்பதும் கூடின, இரும்புச் சேமிப்பு வற்றியது. இந்தியாவில், 2019-21-இல் எடுத்த தேசியக் கணக்கின்படி, பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்பு மிதமிஞ்சித் தேங்குவதைப் பற்றி ஃபின்லாந்துக்காரர் கவலைப்படட்டும். எங்கள் முகாமின் நீலக் குவளையில் மிதந்த சொட்டுகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. இதோடு சேர்த்து ஒரு சிறிய புகார்: முகாம்களில் உபசாரத்துக்கென்று பழரசத்தோடு தேநீரும் கொடுக்கிறார்கள். தேநீரில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைக் குடலில் ஏற விடாது. எலுமிச்சைச் சாறு கொடுத்தால் செலவும் குறைவு, இரும்பு சேரவும் உதவும். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், தேநீர்ப் பாத்திரம் அசையவில்லை.

ஆனாலும் இரத்த தான முகாமினால் என் இருதயத்துக்கு ஒரு நன்மை விளைந்தது உண்மை. மூன்று ஆண்டுக்கு முன், வழக்கம் போல வரிசையில் நின்று, சொட்டு மூழ்கி, எடை பார்த்து, கடைசியாக அழுத்தம் பார்க்க உட்கார்ந்தேன். சிஸ்டர் ஒரு முறை பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "சார், கொஞ்ச நேரம் உட்காருங்க, மறுபடி பார்க்கலாம்" என்றார். மறுபடியும் பார்த்தார். 164-க்கு 102. விதிப்படி மேல் அழுத்தம் 140-க்கும் கீழ் அழுத்தம் 90-க்கும் மேற்போகக் கூடாது. எனக்குத் தலைவலி இல்லை, படபடப்பு இல்லை, இரவு நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன். அந்த மேஜைக்கு வந்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் அந்தக் கொதிப்போடு திரிந்திருப்பேனோ தெரியாது. மாத்திரை சாப்பிட்டு அழுத்தம் அடங்கி, உறுப்புகள் எதற்கும் கேடில்லை என்றும் ஆகி, மருந்தையோ அதன் அளவையோ மாற்றி 28 நாளாவது கழிந்திருந்தால் மீண்டும் வரலாம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். "நாளைக்கே டாக்டரைப் பாருங்க சார், தள்ளிப் போடாதீங்க."

வெளியே திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். பழரச மேஜையில் நின்ற தொண்டர்ப் பையன், ஒரு சொட்டுக்கு மேல் கொடுக்காத எனக்கு உபசாரம் செய்யலாமா கூடாதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, மனம் கேளாமல் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினான். பிரித்துப் பார்த்தேன். உப்புப் பிஸ்கட். அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.